சாமியார் முகத்தில் புளி

போன ஞாயிறு காலை, எங்கள் தாமானின் கடைசி வரிசையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் பழைய நாளிதழில் சுற்றிய பொட்டலத்துடன் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாத்தா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. தகரப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் கிடைத்ததாம். "அங்கிள், நீங்க ஜப்பான் சாமானெல்லாம் சேர்க்கிறீங்கன்னு அப்பா சொன்னாரு. இது என்னன்னு பாருங்க. விலை போகுமா?" என்று கேட்டார்.

பிரித்தேன். உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்டமான பித்தளைத் தட்டு. நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. சுற்றிலும் ஐந்து இதழ்ச் செர்ரிப் பூக்கள். மடிப்புகளில் பச்சைக் களிம்பு.

அது வாளின் கைக்காப்பு. ஜப்பானிய மொழியில் 'ட்சுபா' என்பார்கள். கைப்பிடிக்கும் வாளலகுக்கும் இடையில் மாட்டும் தட்டு. வாளை வீசும்போதும் குத்தும்போதும் கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுக்கும். எதிராளியின் வாள் கைக்கு வராமலும் காக்கும். வாளின் எடையைக் கைப்பக்கமாக இழுத்துச் சமன் செய்வதும் இதுதான்.

இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தட்டுகளைச் சேர்த்து வருகிறேன். மொத்தமே முப்பத்தொன்றுதான் இருக்கிறது. ஆனால் தம்பி கொண்டுவந்த வகை ஒன்றுகூட என்னிடம் இல்லை. வாங்கியதில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

1982-இல் நம் அரசாங்கம் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யைக் கொண்டுவந்தது. அந்த அலையில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பிறை தொழிற்பேட்டையில் உலோகத் தகடு அழுத்தும் பிரிவில் வேலை. 1989-இல் ஆறு மாதம் அங்கே இருந்தேன். விடுமுறை நாள் ஒன்றில் தோக்கியோவின் உவேனோ பூங்காவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். வாள்களைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். எனக்கு வாள் பிடிக்கவில்லை. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருந்த இந்தத் தட்டுகளின் முன்னால்தான் நின்றுவிட்டேன்.

நாள் முழுவதும் தகடு வெட்டுகிறவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் சாமானைத் தூக்கிப் போடும் தொழில். எட்டு சென்டிமீட்டர் அகல இரும்பில், உளியும் அரமும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கொக்கின் சிறகை ஊசி கனத்துக்கு அறுத்து எடுத்திருந்தான் ஒருவன். இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. கலைநயம் மிக்க ட்சுபாக்களில் பெரும்பாலானவை போர்க்காலத்தில் செய்தவை அல்ல. 1603 முதல் 1868 வரை, எடோ காலம் என்று சொல்கிற இரண்டரை நூற்றாண்டில் ஜப்பானில் பெரிய சண்டை அதிகம் இல்லை. சாமுராய் இடுப்பில் வாள் இருந்தது; உருவ வேண்டிய நாள் வரவில்லை. வாள் உறைக்குள்ளேயே இருந்துவிட்டால் வெளியில் தெரிவது கைப்பிடியும் இந்தத் தட்டும்தானே? அதனால் கைவினைஞர்களின் திறமையெல்லாம் தட்டில் இறங்கியது. சண்டைக்கான உறுப்பு, சண்டை இல்லாத காலத்தில் அழகானது.

கொத்தோ என்ற குடும்பம் பல தலைமுறையாக ஆட்சியாளர்களுக்கு வாள் அணிகள் செய்தது. 'நனாகோ' என்ற வேலை அவர்களுக்குப் பேர்போனது. மீன் முட்டைகளைப் பரப்பி வைத்ததுபோல் நுண்ணிய குமிழ்களை வரிசை தவறாமல் தட்டுகிற வேலை. ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் அடி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வரிசை கோணாது. கனேயி என்பவர் இரும்புத் தட்டில் மலையும் ஆறும் மனிதரும் கொண்ட காட்சிகளைக் கொண்டுவந்தார். கியோத்தோவின் உமேதாதா மியோஜு வெவ்வேறு நிற உலோகங்களைப் பதித்து, ஓவியம்போல் இலைகளைப் படர விட்டார்.

உலோகம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் ரசிப்பார்கள். 'ஷாகுடோ' என்பது செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தங்கம் சேர்த்த கலவை. பளபளவென்று மின்னுவதற்காகத் தங்கம் சேர்க்கவில்லை, கறுப்பாவதற்காகச் சேர்த்தார்கள்! செய்து முடித்த தட்டின் மேல் வெள்ளை முள்ளங்கியைத் துருவித் தடவுவார்கள். பிறகு செம்பு உப்புகள் கரைத்த நீரில் கொதிக்க விடுவார்கள். தங்கம் கலந்திருப்பதால் அதன் மேல் நீலம் ஓடிய கறுப்பு ஏறும். காக்கை இறகில் வெயில் படும்போது ஒரு நிறம் தெரியுமே, அதுதான். 'ஷிபுஇச்சி' என்றால் நாலில் ஒன்று. நாலில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த செம்பு. மழை மேகச் சாம்பல் நிறம் தரும். இந்த நிறங்கள் பூச்சு அல்ல. உலோகத்தின் தோலே அப்படி மாறுகிறது. ஆனால் அந்தத் தோல் மிக மெல்லியது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1876-இல் மெய்ஜி அரசாங்கம் பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. அத்துடன் இந்தத் தொழிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தட்டுகள் வாளைவிட்டுக் கழன்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் அருங்காட்சியகங்களில் சேர்ந்தன. கைவினைஞர்கள் பூச்சாடியும் அலங்காரப் பெட்டியும் செய்து பிழைத்தார்கள். கானோ நாட்சுவோ என்ற வாளணி வினைஞரின் கதை மட்டும் கொஞ்சம் வித்தியாசம். தடைக்கு முன்பே அரசு நாணயச் சாலை அவரை அழைத்துக்கொண்டது. 1871-இல் வெளிவந்த புதிய யென் நாணயங்களில் இருக்கும் டிராகன் அவர் கைவண்ணம். வாள் கைப்பிடியில் செதுக்கிய கை, மக்கள் சட்டைப் பைக்குள் போனது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, 2001-இல் முதல் ட்சுபாவை ஜப்பானிலிருந்து அஞ்சலில் வரவழைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்த அடுத்த நொடி முகம் மாறிவிட்டது.

"இது ஜப்பான்காரன் இடுப்புல இருக்குமே, அதுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்தவர்கள்கூட 'இது என்ன, பெல்ட் பக்கிளா?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துதான், கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, தீவில் எதிர்க்க யாரும் இல்லை என்று வானொலியில் அறிவித்தார். 19-ஆம் தேதி ஜப்பானியர்கள் தீவுக்குள் வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது, தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்.

1943-இல் சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தினார்களாம். அதிகாரி ஒருவன் வரிசை வரிசையாக நடந்து வந்தான். "அவன் மொகத்த நான் பாக்கவே இல்ல. அப்பா கையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். என் கண்ணு முன்னால வந்தது அவன் இடுப்புதான். பூப் போட்ட தட்டு. அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்." அன்று ஏழு வயதுப் பெண்ணின் கண்மட்டத்தில் இருந்தது அந்தத் தட்டு.

மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போன என் தாத்தா திரும்பி வரவில்லை. பர்மா எல்லை தாண்டி 415 கிலோமீட்டர் போட்ட அந்தப் பாதையில் செத்துப்போன பல்லாயிரம் மலாயாத் தமிழர்களில் அவரும் ஒருவர். கல்லறை கிடையாது, தேதி கிடையாது. ஆடி அமாவாசைக்குத்தான் படைக்கிறோம்.

"இது அந்தக் காலத்து வாள் இல்லம்மா. அதுக்கும் நூறு வருஷத்துக்கு முந்தினது. இது வேற" என்றேன். சரித்திரப்படி நான் சொன்னது சரி. அதிகாரிகள் அணிந்தது 1930-களில் ராணுவத்துக்கென்று வடிவமைத்த வாள். தரைப்படை வாளின் தட்டில் செர்ரிப் பூ இருக்கும். ஆயிரக்கணக்கில் அச்சில் செய்தது. கொத்தோ குடும்பத்துக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "வாள மாட்டுற ஓட்டை ஒண்ணுதானே?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து சேகரிப்பு முழுவதும் என் அறை அலமாரிக்குள் போயிற்று. அம்மா அதைத் திறந்ததில்லை. நானும் கூடத்துக்குக் கொண்டுவந்ததில்லை. ராணுவத் தட்டுகளை யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தேன். பினாங்கில் பழைய சாமான் சந்தைகளில் அவை எப்போதாவது கண்ணில் படும். 1945 செப்டம்பரில் ஜப்பானியர்கள் சரணடைந்து வாள்களை ஒப்படைத்தபோது எத்தனையோ வாள்கள் கைமாறின, உடைந்தன, நினைவுப் பொருளாகப் போயின. தட்டுகளும் அப்படியே சிதறின.

2014 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அலமாரியில் கரையான் வந்துவிட்டதால் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். மாலை வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அந்த வரிசையில் கடைசியாக, செக்கச்செவேலென்று என்னுடைய ஷாகுடோ ட்சுபா.

ஆயிரத்து நானூறு ரிங்கிட் கொடுத்து, ஒரு வருஷம் சேர்த்து வாங்கியது. அடர்ந்த புருவம், தாடி, காதில் சின்னத் தங்க வளையம் கொண்ட துறவி ஒருவரின் உருவம் அதில். ஜப்பானியர்கள் 'தாருமா' என்பார்கள். காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அதே போதிதர்மர். ட்சுபாக்களில் அடிக்கடி வருகிறவர். அந்தக் காக்கைச் சிறகுக் கறுப்பு முழுக்கப் போய்விட்டது. நூற்றைம்பது வருஷமாவது இருந்த தோல், புளியும் சாம்பலும் சேர்த்துத் தேய்த்த பத்து நிமிஷத்தில் போயிற்று. ஆசாங் கெலுகோர் மரத்தின் பெயரைச் சுமக்கும் ஊரில் இருந்துகொண்டு புளிப்புக்குப் பயப்பட்டு என்ன செய்ய?

கோபம் தலைக்கு ஏறியது. "யாரும்மா இதத் தொடச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அம்மா பயந்து போய்ச் சொன்னார்: "சாமியார் மாதிரி இருந்தாருப்பா. மூஞ்சியெல்லாம் கரி புடிச்சி கெடந்தாரு. நல்ல நாளும் அதுவுமா எப்படி அப்படியே விடறதுன்னுதான்…"

பதின்மூன்று வருஷம் அந்தப் பெட்டிப் பக்கம் போகாதவர். ஜப்பான்காரன் இடுப்பில் இருக்கும் தட்டு என்று பெயரைச் சொல்லவே கூசியவர். அவர் கையில் எடுத்து, முகம் பார்த்து, சாமியார் என்று அடையாளம் கண்டு, குத்துவிளக்கோடு சேர்த்து உட்கார வைத்துத் துலக்கியிருக்கிறார். அது எனக்கு உறைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் அம்மாவிடம் பேசவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய நிறத்தை மறுபடி ஏற்ற முடியும். ஜப்பானில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை. பதினொரு வருஷத்தில் நம்மூர் ஈரக்காற்றுக்குத் தானாகவே ஒரு பழுப்பு ஏறியிருக்கிறது. அந்த நீலக் கறுப்பு வரவில்லை, இனி வரவும் வராது. விற்கப் போனால் பாதி விலைகூடக் கிடைக்காது. என்னுடைய முப்பத்தொன்றில் கூடத்தில் இருப்பது அது மட்டும்தான். வைக்கச் சொன்னதே அம்மா. சாமி மேடையில் மட்டும் வேண்டாம் என்றார். தொலைக்காட்சிப் பக்கத்தில் இருக்கிறது.

சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பழைய உலோகத்தை எந்தப் புளிப்பாலும், பித்தளை மெருகு மருந்தாலும் தொடாதீர்கள். இரும்புத் தட்டில் செந்துரு இருந்தால், கொம்பு அல்லது மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்தோறும் கொஞ்சம் தேய்த்தால் போதும். மாதக் கணக்கில் ஆகும், ஆகட்டும். வாங்குமுன் பக்கத் துளைகளின் உள்சுவரைப் பாருங்கள். வார்ப்பில் செய்த போலி என்றால் அங்கே ஒட்டுக்கோடோ ஊசிக் குழிகளோ தெரியும். நடுத்துளையைச் சுற்றி உளித் தழும்போ, செம்புத் துண்டு செருகிய அடையாளமோ இருந்தால், அது உண்மையில் ஏதோ ஒரு வாளில் மாட்டியிருந்தது என்று நம்பலாம். பெரிய பெயர் செதுக்கியிருக்கிறதே என்று மயங்க வேண்டாம். பெயரைப் போலியாகச் செதுக்குவது பழைய தொழில். விலை கூடிய சாமான் என்றால் 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழோடு வாங்குங்கள். நானும் வேறோர் ஊரில் இருநூற்றைம்பது ரிங்கிட் கொடுத்து, பளபளக்கும் வார்ப்பு ஒன்றை வாங்கி வந்தவன்தான். இப்போது அது காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவுகிறது.

தம்பியிடம் வருவோம். அவர் கொண்டுவந்த தட்டு ராணுவ வகைதான். பெரிய விலை போகாது, சில நூறு ரிங்கிட் கிடைத்தால் அதிகம் என்றேன். முகம் வாடியது. "அப்ப தூக்கிப் போட்டுரலாமா அங்கிள்? வீட்டுல வெச்சிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க."

"தாத்தாகிட்ட இது எப்படி வந்துச்சு?"

தெரியவில்லை. தாத்தா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசியதே இல்லையாம். கேட்டால் எழுந்து போய்விடுவாராம்.

வாள் இல்லாமல் தட்டு மட்டும் எழுபது, எண்பது வருஷம் ஒரு தகரப் பெட்டியின் அடியில் இருந்திருக்கிறது. வழியில் கிடந்து எடுத்தாரா, யாரிடமிருந்தாவது வாங்கினாரா, கழற்றினாரா? தூக்கி எறியவும் மனம் வரவில்லை, எடுத்துக் காட்டவும் மனம் வரவில்லை. விற்றுவிட்டால், வாங்குகிறவருக்கு இது 'ஜப்பான் ராணுவத் தட்டு, பித்தளை' என்பதோடு முடிந்துவிடும். "விக்கிறதும் வெச்சிக்கிறதும் உங்க இஷ்டம் தம்பி. அதுக்கு முன்னால தாத்தா கூட்டாளிங்க யாராச்சும் உயிரோட இருந்தா போய்க் கேளுங்க. தெரிஞ்சத ஒரு தாள்ல எழுதிப் பெட்டியில வைங்க. ஒண்ணும் தெரியலன்னா தெரியலன்னே எழுதி வைங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா. எண்பத்தொன்பது வயது, காது மந்தம், கண் மட்டும் நன்றாகத் தெரியும். இவ்வளவு நேரம் வாசல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையை நீட்டினார். கொடுப்பதா வேண்டாமா என்று தம்பி என்னைப் பார்த்தார். கொடுக்கச் சொன்னேன்.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் ஒவ்வொரு பூவாகத் தடவினார். "இந்தப் பூதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு அதே நாளிதழில் தானே சுற்றித் தம்பி கையில் கொடுத்தார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, புளி போட்டுத் துலக்கிடாதப்பா. இவன் மூணு நாளு பேசமாட்டான்."